பிபி, சுகர், எடை: போன் உதவியோடு வீட்டிலேயே உடல்நிலையைக் கண்காணிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆப் ஸ்டோரில் ‘பிபி’ என்று தட்டினால் போதும், ஆப்கள் வந்து குவிந்துவிடும். அதில் எது நல்லது என்று தேடுவதில்தான் பெரும்பாலானவர்கள் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். வரப்போகிற எண்ணை யார் பார்ப்பார், பார்த்துவிட்டு என்ன செய்வார் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்குப் பதில் தெரியாமல் வாங்குகிற கருவி சீக்கிரமே அலமாரிக்குள் போய்விடும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. இதயச் செயலிழப்புக்காக (இதயம் வேண்டிய அளவு ரத்தத்தை பம்ப் செய்ய முடியாத நிலை) மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பிய 1,653 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த டெலி-எச்எஃப் ஆய்வு 2010-ல் வெளியானது. அதில் ஒரு பிரிவினர் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசிக்குக் கூப்பிட்டு எடையையும் அறிகுறிகளையும் சொல்ல வேண்டும். மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை. அந்தப் பிரிவில் 14 சதவீதம் பேர் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஆறு மாத முடிவில் வாரத்துக்கு மூன்று முறையாவது கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய 55 சதவீதம்தான். அப்புறம் 2018-ல் ஜெர்மனியின் டிம்-எச்எஃப்2 ஆய்வு வந்தது. அங்கே நோயாளிகள் தினமும் அனுப்பிய எடை, பிபி, இசிஜி எல்லாவற்றையும் 24 மணி நேரமும் ஆள் இருக்கும் ஒரு மருத்துவ மையம் பார்த்தது, தேவைப்பட்டால் நோயாளியைக் கூப்பிட்டுப் பேசியது, மருந்தை மாற்றியது. மரணங்கள் குறைந்தன. இரண்டு ஆய்வுக்கும் வேறு வித்தியாசங்களும் உண்டுதான், ஆனால் மறுமுனையில் ஆள் இருந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

நம் எல்லோருக்கும் 24 மணி நேர மையம் கிடைக்காது. சரி, கிடைப்பதை வைத்து எப்படிச் செய்வது என்று பார்ப்போம். நோயாளியும் படிக்கலாம், அவரைப் பார்த்துக்கொள்கிற மகனோ மகளோ படிக்கலாம்.

படி 1: எதை அளக்கப் போகிறோம் என்று டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்

அளக்க முடிகிற எல்லாவற்றையும் அளக்க வேண்டியதில்லை. உயர் ரத்த அழுத்தம் என்றால் பிபி போதும். இதயச் செயலிழப்பு என்றால் எடைதான் முதல் எண். ஆஸ்துமா என்றால் பீக் ஃப்ளோ, அதாவது ஒரு சின்னக் கருவிக்குள் எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்கிற அளவு. இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி கட்டுக்குள் இருக்கிற ஒருவர் தினமும் நான்கு தடவை விரலைக் குத்திக்கொள்வதால் பெரிய பலன் எதுவும் இல்லை, விரல் வலிதான் மிச்சம்.

அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு, பதில்களை ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த எண், எந்த நேரத்தில், எத்தனை நாளைக்கு? எனக்கான இலக்கு என்ன? எந்த அளவைத் தாண்டினால் நான் உங்களைக் கூப்பிட வேண்டும், யாரை, எந்த நம்பரில்? எந்த நிலையில் யாரையும் கேட்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் தெளிவான பதில் வராது. விடாமல் கேளுங்கள். ‘அதிகமாக இருந்தால் வாங்க’ என்றால் எவ்வளவு அதிகம், எத்தனை நாள் தொடர்ந்து அதிகம் என்று எண்ணாகவே வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து போனில் ஃபேவரிட்டாக வைத்துவிடுங்கள், வீட்டில் இன்னொருவர் போனிலும் இருக்கட்டும்.

படி 2: போன் எதை அளக்கும், எதை அளக்காது

போன் தன்னளவில் நல்ல நோட்டுப் புத்தகம், நல்ல அலாரம், நல்ல தபால்காரன். அளக்கிற வேலையைப் பெரும்பாலும் தனிக் கருவிதான் செய்ய வேண்டும்.

கேமரா மேல் விரலை வைத்தால் பிபி சொல்கிறேன் என்கிற ஆப்களை நம்பாதீர்கள். ‘இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்’ என்று ஒரு ஆப் 2014-15-ல் பெரிய அளவில் விற்றது. அதைச் சோதித்து 2016-ல் வெளியான ஆய்வில், உண்மையில் பிபி அதிகமாக இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அது ‘நார்மல்’ என்று காட்டியது தெரியவந்தது. அதே ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையமும் அந்த நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. தவறாக அதிகம் காட்டினால்கூடப் பயந்துபோய் டாக்டரிடம் ஓடுவோம். தவறாக நார்மல் காட்டினால் மாத்திரையை அல்லவா நிறுத்திவிடுவோம்? ஊசி குத்தாமலே சர்க்கரை சொல்லும் வாட்ச், மோதிரம் என்று விற்பனைக்கு வருபவையும் இதே வகைதான். அவற்றை வாங்க வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் பொது எச்சரிக்கையே விட்டது. தோலுக்குள் செருகும் சென்சாரிலிருந்து எண்ணை வாங்கிக் காட்டும் வாட்ச் வேறு, அதில் பிரச்சினை இல்லை.

கேமராவோ வாட்ச்சின் பச்சை விளக்கோ நாடித்துடிப்பை நன்றாகவே எண்ணும். சில வாட்ச்கள் துடிப்பின் ஒழுங்கு தவறுவதையும் கவனித்து, ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்கிற சீரற்ற இதயத் துடிப்பாக இருக்கலாம் என்று சொல்லும். 2019-ல் வெளியான ஆப்பிள் ஹார்ட் ஆய்வில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள், அப்படி எச்சரிக்கை வந்தவர்கள் அவர்களில் சுமார் 0.5 சதவீதம். எச்சரிக்கை வந்தால் அதை டாக்டரிடம் காட்டி முறையான இசிஜி எடுக்க வேண்டும். ஆனால் வாட்ச் இசிஜி மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது வாட்ச்சைப் பார்த்து ‘நார்மல்தான் காட்டுது’ என்று உட்கார்ந்திருக்கவே கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பிபி கருவி மேல்கையில் கட்டுகிற வகையாக இருக்கட்டும், மணிக்கட்டு வகை கையை வைக்கிற உயரத்துக்குத் தகுந்தபடி மாறிவிடும். ‘ஸ்ட்ரைட் பிபி’ என்ற இணையதளத்தில், முறையாகச் சோதிக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் மாடல் எண்ணோடு இருக்கிறது, அதில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேல்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து அதற்கேற்ற பட்டை வாங்குங்கள். பருமனான கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் பிபி கூடுதலாகத்தான் காட்டும். குளுக்கோமீட்டர் என்றால் ஐஎஸ்ஓ 15197:2013 தரம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரம்கூட 100-க்குக் கீழே 15 புள்ளி, 100-க்கு மேலே 15 சதவீதம் வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறது. ஆகவே 152-க்கும் 160-க்கும் நடுவே அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, சில நாடுகளில் விற்கும் மீட்டர் மில்லிமோல் கணக்கில் காட்டும். அதை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வரும், அதாவது 5.5 என்பது ஏறக்குறைய 100. ஆப்பும் மீட்டரும் ஒரே அலகில் இருக்கின்றனவா என்று முதல் நாளே பாருங்கள்.

படி 3: சரியாக அளக்கப் பழகுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் தப்பாக எடுத்த எண்ணை எவ்வளவு அழகான வரைபடமாக ஆப் போட்டுக் காட்டினாலும் அது தப்புதான்.

பிபியில் ஆரம்பிப்போம். அதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, புகை, உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாய்கிற நாற்காலியில், கால் இரண்டும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் உட்காருங்கள். சட்டைக் கையை நன்றாக மேலே ஏற்றி, வெறும் தோலில் பட்டையைக் கட்டுங்கள். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டையின் கீழ் விளிம்பு இருக்கட்டும். கை மேசை மேல் ஓய்வாக, இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும், மேசை தாழ்வாக இருந்தால் கீழே ஒரு தலையணை. அப்படியே ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். சும்மா என்றால் நிஜமாகவே சும்மா, போனை நோண்டக் கூடாது, பேசக் கூடாது. பேசிக்கொண்டே எடுத்தால் மட்டும் பத்துப் புள்ளி வரை ஏறிவிடலாம், நிறைய வீடுகளில் யாராவது பக்கத்தில் நின்று ‘எவ்வளவு காட்டுது’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முதல் அளவு எடுத்து, ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது எடுங்கள். இரண்டையும் பதியுங்கள், நமக்குப் பிடித்ததை மட்டும் அல்ல.

காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் இரண்டு, மாலையில் இரண்டு, இப்படி ஏழு நாள். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுத்தால் டாக்டருக்கு உபயோகமான எண் கிடைக்கும். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் ஐரோப்பிய வழிகாட்டுதல்களில் அது உயர் ரத்த அழுத்தம்; அமெரிக்காவில் 130/80. உங்கள் இலக்கை டாக்டர்தான் சொல்வார். முதல் தடவை இரண்டு கையிலும் எடுத்துப் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையையே எப்போதும் பயன்படுத்துங்கள். டாக்டரைப் பார்த்ததும் பிபி ஏறுகிறவர்கள் உண்டு, அங்கே நார்மலாகவும் வீட்டில் அதிகமாகவும் இருக்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டு வகையையும் வீட்டு அளவுதான் காட்டிக்கொடுக்கும்.

180/120-ஐத் தாண்டினால்? ஐந்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி எடுங்கள். அப்படியே இருந்து, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், பேச்சுக் குளறல், பார்வை மங்கல் என்று எதுவாவது இருந்தால் உடனே அவசர சிகிச்சை. அறிகுறி எதுவும் இல்லையென்றால் டாக்டரைத் தொடர்புகொள்ளுங்கள், நீங்களாகக் கூடுதல் மாத்திரை போடாதீர்கள்.

சர்க்கரைக்கு முக்கியமானது கை கழுவுவது. பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே அளவை எங்கேயோ கொண்டுபோய்விடும். சோப்பால் கழுவி, நன்றாக ஈரம் போகத் துடைத்து, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் அளவுக்கு வேகமாகக் கரையும் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை, இன்னும் கீழேயே இருந்தால் திரும்பவும் அதே. ஆப்பில் பதிவதெல்லாம் அப்புறம்.

தொடர்ச்சியாக அளக்கும் சிஜிஎம் சென்சார் போட்டிருக்கிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அது ரத்தத்தை நேராக அளப்பதில்லை, தோலுக்கடியில் இருக்கும் திரவத்தை அளக்கிறது, அதனால் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடங்கள் பின்தங்கித்தான் காட்டும். சென்சார் இருக்கும் கை மேல் படுத்துத் தூங்கினால் நடுராத்திரி பொய்யாக ‘லோ’ அலாரம் அடிக்கும். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் விரலைக் குத்திப் பார்த்துவிடுங்கள். பொதுவாக 70 முதல் 180 வரையான எல்லைக்குள் ஒரு நாளின் 70 சதவீதத்துக்கு மேல் இருப்பதைத்தான் பலருக்கு இலக்காக வைக்கிறார்கள். முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது மாறும்.

எடை: காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு வந்து, சாப்பிடுவதற்கு முன், அதே அளவு உடையில், கடினமான தரையில் வைத்த அதே மெஷினில். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது பெரும்பாலும் கொழுப்பு அல்ல, உடலில் தேங்கும் நீர். மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்கு முன்பே எடை சொல்லிவிடும், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் கருவி): விரல் சில்லென்று இருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் தப்பாகக் காட்டும். கருத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020-ல் வெளியான ஆய்வில் தெளிவாகவே தெரிந்தது. ஆகவே 94 காட்டுகிறதே என்று மூச்சுத் திணறலை அலட்சியம் செய்யாதீர்கள். சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பவருக்கு இலக்கே வேறு, கேட்டுக்கொள்ளுங்கள். பீக் ஃப்ளோ மூன்று தடவை ஊதி அதில் அதிகமானதைப் பதியுங்கள். உங்களுடைய சிறந்த அளவில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு.

படி 4: போனைத் தயார் செய்தல்

புளூடூத் உள்ள கருவி என்றால் முதலில் கருவியின் தேதி, நேரத்தைச் சரிசெய்யுங்கள். பேட்டரி மாற்றியதும் நிறைய கருவிகளில் இது பழைய தேதிக்குப் போய்விடும், அப்புறம் ஆப்பில் எல்லாமே என்றோ எடுத்த அளவாகப் போய் விழும். போனின் புளூடூத் பக்கத்தில் போய் இணைக்காமல் ஆப்புக்குள்ளேயே ‘கருவியைச் சேர்’ என்று கொடுத்து இணைப்பதுதான் பெரும்பாலான கருவிகளுக்குச் சரிவரும். ஆண்ட்ராய்டு 11 வரை புளூடூத் கருவியைத் தேடவே லொகேஷன் அனுமதி வேண்டும்; 12 முதல் ‘நியர்பை டிவைசஸ்’ என்று தனி அனுமதி வந்துவிட்டது. இணையவில்லையே என்று திணறுகிறவர்கள் முதலில் இந்த அனுமதியைப் பார்க்கலாம். கணவனும் மனைவியும் ஒரே பிபி கருவியைப் பயன்படுத்தினால் ‘யூசர் 1’, ‘யூசர் 2’ பொத்தானை மாற்றிவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் இருவர் கணக்கும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது நினைவூட்டல் அடிக்காத பிரச்சினை. ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் இருக்கும் ஆப்பைத் தூங்க வைத்துவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதிக்குப் போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள். சிஜிஎம் இருந்தால் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டிருக்கும்போதும் லோ சுகர் அலாரம் அடிக்கும்படி அனுமதி கொடுத்து, ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

புளூடூத் வேண்டுமா, கையால் தட்டினால் போதாதா? போதும். ஆனால் கையால் பதிகிறபோது 138 என்பது தானாக 135 ஆகும், 162 வந்தால் ‘இது சரியாக எடுக்கவில்லை’ என்று பதியாமலே விட்டுவிடுவோம். மனித சுபாவம். அப்படிச் செய்கிறவர் என்று தெரிந்தால் தானாகப் பதிகிற கருவிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம். ஸ்மார்ட்போனே சரிப்படாதவர் என்றால் காலண்டரில் எழுதி, வாரம் ஒரு தடவை அதைப் படம் பிடித்து அனுப்பினாலும் வேலை நடக்கும்.

இன்னொரு ஐந்து நிமிட வேலை: ஐபோனில் ‘மெடிக்கல் ஐடி’, ஆண்ட்ராய்டில் ‘எமர்ஜென்சி’ தகவல் பகுதியில் நோய், மருந்து, ஒவ்வாமை, உறவினர் நம்பர் எல்லாம் போட்டு வையுங்கள். போனைத் திறக்காமலே மற்றவர்கள் அதைப் பார்க்க முடியும்.

படி 5: மருந்து நினைவூட்டல்

நாள்பட்ட நோய்க்கான மருந்தை வளர்ந்த நாடுகளில்கூடச் சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே சொன்னது. அலாரம் வைக்கும்போது, ஏற்கெனவே செய்கிற காரியத்தை ஒட்டி வையுங்கள், பல் தேய்க்கிற நேரம் மாதிரி. 9 மணி என்று பொதுவாக வைத்தால் அப்போது பஸ்ஸில் இருப்போம், அணைத்துவிட்டு மறந்தும் விடுவோம். ‘எடுத்தாயிற்று’ என்பதை மாத்திரை வாய்க்குள் போன பிறகுதான் அழுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் அலாரம் வைத்தால் எதையும் கவனிக்க மாட்டோம், ஆகவே தண்ணீர் குடி, நட, மூச்சை இழு என்று ஆப் தானாகப் போடும் மற்ற நினைவூட்டல்களை அணைத்துவிடுங்கள்.

சாதாரண எஸ்எம்எஸ்கூட எவ்வளவு செய்யும் என்பதற்கு கென்யாவில் நடந்து 2010-ல் வெளியான வெல்டெல் ஆய்வைச் சொல்லலாம். எச்ஐவி மருந்து எடுப்பவர்களுக்கு வாரம் ஒரு தடவை ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று குறுஞ்செய்தி போகும். 48 மணி நேரத்துக்குள் நன்றாக இருக்கிறேன் என்றோ பிரச்சினை என்றோ பதில் அனுப்ப வேண்டும். பிரச்சினை என்றாலும், பதிலே வராவிட்டாலும் மருத்துவ ஊழியர் கூப்பிடுவார். மருந்தை ஒழுங்காக எடுத்தவர்களும் கூடினார்கள், வைரஸ் கட்டுக்குள் வந்தவர்களும் கூடினார்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளைகள் பெற்றோருக்கு இதையே செய்யலாம். பதில் வரவில்லை என்றால் கூப்பிடுவது என்ற பாதியை விட்டுவிடாதீர்கள்.

படி 6: டாக்டரிடம் கொண்டுபோவது

மூன்று மாத அளவுகளை போனில் தள்ளித் தள்ளிக் காட்டினால் எந்த டாக்டருக்கும் பொறுமை இருக்காது. சந்திப்புக்கு முந்தைய ஏழு நாள் அளவுகள், அவற்றின் சராசரி, மிக அதிகமான, மிகக் குறைவான எண்கள், அந்த நேரத்தில் என்ன நடந்தது, மருந்து தவறிய நாட்கள், இவ்வளவும் ஒரு பக்க பிடிஎஃப்பில் இருந்தால் போதும். முன்பே அனுப்பினாலும் நேரில் போகும்போது பேச்சை அதிலிருந்தே ஆரம்பியுங்கள். பிரிட்டனில் 2018-ல் வந்த டாஸ்மின்எச்4 ஆய்வில், வீட்டு அளவை வைத்து டாக்டர் மருந்தை மாற்றிய நோயாளிகளின் பிபியில் மேல் எண் ஓராண்டு முடிவில் சராசரியாக 137 (தாளில் பதிந்தவர்கள்), 136 (போனில் அனுப்பியவர்கள்); வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 140. தாளுக்கும் போனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, டாக்டர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வது ஆபத்து. எந்த வழியாக அனுப்பினால் எப்போது பார்ப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு மெசேஜ் உதவாது, கூப்பிட வேண்டும்.

படி 7: தகவல் யாரிடம் போகிறது

இலவச ஆப் எதையாவது விற்றுத்தான் நடக்கிறது. மருந்துத் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம் பயனர்களின் மருந்து விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-ல் வழக்குப் போட, 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிபி ஆப்புக்கு எதற்கு கான்டாக்ட் லிஸ்ட்? அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள், மறுத்தால் ஓடாது என்றால் வேறு ஆப் பாருங்கள். கருவி செய்த நிறுவனத்தின் ஆப் அல்லது போனோடு வரும் ஹெல்த் ஆப், இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலானவர்களுக்குப் போதும். குடும்பத்தில் யார் பார்க்கலாம் என்பதை நோயாளியே சொல்லட்டும், அந்த நோயாளி உங்கள் அப்பாவோ அம்மாவோ ஆனாலும் சரி.

படி 8: எப்போது குறைக்க வேண்டும்

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பிபி பார்க்கிறவருக்கு அந்தப் பதற்றத்திலேயே பிபி ஏறும். அப்படிப்பட்டவரிடமிருந்து கருவியை வாங்கி வைத்துவிட்டு, டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய வாரம் மட்டும் கொடுக்கலாம். அளவு நிலையாக இருக்கிற யாருக்குமே தினமும் எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது, எவ்வளவு குறைக்கலாம் என்று டாக்டரே சொல்வார். மருந்து மாறினால் மறுபடி ஏழு நாள் கணக்கு.

வருஷத்துக்கு ஒரு தடவை பிபி கருவியை டாக்டரிடம் எடுத்துப்போய் அங்கே இருக்கும் கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போன் மாற்றும்போது பழையதை அழிப்பதற்கு முன்னால் ஆப்பிலிருந்து எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். புது போனில் கருவியை மறுபடி இணைத்து, பேட்டரி அனுமதியையும் அலாரத்தையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும், அவை தானாக வருவதில்லை.